எரிப்பதா, இறைப்பதா?



"வீட்டைச் சூடாக்குவதற்கு எந்தச் சாதனம் சிறந்தது?" என்னும் கேள்வியைச் சங்கரன்கோவிலில் யாரிடமாவது கேட்டால், கேட்டவரை அவர் ஏற இறங்கப் பார்ப்பார். எங்கள் ஊரில் வேறு எதற்குப் பஞ்சம் வந்தாலும் சூட்டுக்குப் பஞ்சம் வந்ததில்லை. மார்கழி விடியலில் துண்டைத் தலையில் சுற்றிக்கொண்டு தேநீர்க் கடை வாசலில் நிற்பதுதான் நாங்கள் அறிந்த குளிர்காலம். அதுவும் காலை எட்டு மணிக்குள் கலைந்து போகும். ஆடித் தபசுக்கு வரும் கூட்டத்தில் நின்று வியர்வையில் குளித்தவர்களுக்குக் குளிரைப் பற்றிய கவலை எப்படி வரும்?

ஆயினும் இந்தக் கேள்வி என்னைத் தேடிக்கொண்டு வந்தது. 2025ஆம் ஆண்டு ஜனவரி மாதத்தில் ஒருநாள், பொழுது விடிவதற்கு முன்பே தொலைபேசி ஒலித்தது. பேசியவர் என் பழைய மாணவர். கனடா நாட்டில் டொரண்டோ நகரின் ஒரு பகுதியாகிய ஸ்கார்பரோவில் குடியிருப்பவர். நம் தமிழ் மக்கள், குறிப்பாக ஈழத்திலிருந்து சென்றவர்கள், பல்லாயிரக்கணக்கில் வாழும் பகுதி அது. அவருடைய வீட்டில் மனைவியும், ஒன்றரை வயதுக் குழந்தையும், கைத்தறி நெய்து அவரைப் படிக்கவைத்த தாயாரும் இருக்கின்றனர்.

"ஐயா, வீட்டைச் சூடாக்கும் உலையைப் பூட்டிவிட்டார்கள். வெளியே கழித்தல் பதினெட்டு டிகிரி. புதிதாக எரிவாயு உலையே வைப்பதா, இல்லை, வெப்ப பம்பு என்று இப்போது எல்லாரும் சொல்லுகிறார்களே, அதை வைப்பதா? வேலைக்காரர் இன்று மாலைக்குள் பதில் கேட்கிறார். எனக்குப் பௌதிகம் சொல்லிக் கொடுத்தவர் தாங்கள்தாம். ஆகையால் தங்களையே கேட்கிறேன்" என்றார் அவர்.

நான் சற்றும் யோசிக்காமல், "தம்பி, நெருப்பை நம்பு. கழித்தல் பதினெட்டில் இறைப்பதற்கு வெப்பம் எங்கே இருக்கிறது?" என்று சொல்லிவிட்டேன். தொலைபேசியை வைத்த பிறகு, என் சொல்லே என்னைச் சுட்டது. கழித்தல் 273 டிகிரி வரையில் வெப்பம் உண்டு என்று ஆண்டுதோறும் கரும்பலகையில் எழுதிப்போட்டவன் நான். வகுப்பில் ஒரு மாணவன் அந்தப் பதிலை எழுதியிருந்தால் சுழியம் போட்டிருப்பேன். ஓர் ஆசிரியன் தன் மாணவனுக்குத் தவறான பதிலைச் சொல்லிவிட்டு நிம்மதியாகக் காப்பி குடிக்க முடியுமா? காகிதத்தையும் பென்சிலையும் எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். அன்று காலை நான் எனக்குச் சொல்லிக்கொண்ட பாடத்தைத்தான் இன்று உங்களுக்கும் சொல்லப்போகிறேன்.

முதலில், அந்த உலையை ஏன் பூட்டினார்கள் என்பதைப் பார்ப்போம். அந்நாட்டு வீடுகளில், பெரும்பாலும் நிலவறையில், எரிவாயு உலை ஒன்று இருக்கும். உலைக்குள்ளே எரிவாயு எரிகிறது. எரிந்த புகை உலோகத்தாலான ஒரு கலத்தின் உட்புறமாகச் சென்று, குழாய் வழியே வீட்டுக்கு வெளியே போகிறது. வீட்டினுள் உள்ள காற்றோ அந்தக் கலத்தின் வெளிப்புறத்தைத் தடவிச் சென்று சூடேறி, தகரக் குழாய்களின் வழியே அறைதோறும் பரவுகிறது. புகையும் மூச்சுக்காற்றும் அடுத்தடுத்து ஓடுகின்றன. இரண்டுக்கும் இடையே இருப்பது ஒரு மெல்லிய உலோகச் சுவர். அந்தச் சுவரில் விரிசல் கண்டுவிட்டால் என்ன ஆகும்?

எரிபொருள் முழுமையாக எரியாதபோது கார்பன் மோனாக்சைடு என்னும் நஞ்சு உண்டாகிறது. அதற்கு நிறமில்லை, மணமில்லை. நம் இரத்தத்திலுள்ள ஹீமோகுளோபின் பிராணவாயுவைப் பற்றுவதைக் காட்டிலும் இருநூறு மடங்குக்கு மேல் உறுதியாக இதைப் பற்றிக்கொள்கிறது. தலைவலி, மயக்கம், உறக்கம், பிறகு விழிப்பே இல்லை. கனடாவில் உட்ஸ்டாக் என்ற ஊரில் 2008ஆம் ஆண்டு டிசம்பரில், எரிவாயுக் கணப்பின் புகைவழி அடைபட்டதால், தாய் தந்தை, பிள்ளைகள் இருவர் ஆகிய ஒரு குடும்பமே மாண்டது. அதன் விளைவாக 2013ஆம் ஆண்டில் அந்த ஒண்டாரியோ மாகாணம், எரிபொருளைப் பயன்படுத்தும் வீடுகளிலெல்லாம் இந்நஞ்சைக் கண்டறிந்து ஒலிக்கும் எச்சரிக்கைக் கருவி இருக்கவேண்டும் என்று சட்டம் செய்தது. என் மாணவரின் வீட்டில் ஒலித்ததும் அத்தகைய கருவிதான். அது ஒலித்திராவிட்டால் அந்தத் தொலைபேசி எனக்கு வந்திராது.

இது ஏதோ பனி நாட்டுக் கதை என்று எண்ணிவிடாதீர்கள். உதகைக்கும் கொடைக்கானலுக்கும் உல்லாசப் பயணம் போனவர்கள், குளிர் தாங்காமல் மூடிய அறைக்குள் கரி அடுப்பை வைத்துக்கொண்டு உறங்கி, விடியலில் பிணமாகக் கிடந்த செய்திகளை நம் நாளேடுகளில் படித்திருக்கிறோம். இன்றைய பேச்சில் மற்றதையெல்லாம் மறந்தாலும் இந்த ஒன்றை மறவாதீர்கள்: மூடிய அறைக்குள் கணப்புச் சட்டியோ கரி அடுப்போ வைத்து ஒருபோதும் உறங்கக்கூடாது.

இனி வெப்ப பம்புக்கு வருவோம். இதை வெப்ப இறைப்பி என்று வைத்துக்கொள்வோம். பெயரிலேயே அதன் இரகசியம் இருக்கிறது.

எங்கள் பக்கத்துத் தோட்டங்களில் முன்பெல்லாம் கமலை கட்டி நீர் இறைப்பார்கள். காளைகள் சரிவில் இறங்கும், வடம் இழுபடும், கிணற்றிலிருந்து சால் நிறையத் தண்ணீர் மேலே வரும். அந்தக் காளைகள் தண்ணீரை உண்டாக்கவில்லை. இருந்த தண்ணீரைக் கீழிருந்து மேலே கொண்டுவந்தன, அவ்வளவே. வெப்ப இறைப்பியும் அதைத்தான் செய்கிறது. வெப்பம் தானாக ஓடும்போது உயர்ந்த வெப்பநிலையிலிருந்து தாழ்ந்த வெப்பநிலைக்குத்தான் ஓடும். தண்ணீர் பள்ளத்தை நோக்கி ஓடுவதுபோல. அதை எதிர்த்திசையில், அதாவது குளிர்ந்த வெளிக்காற்றிலிருந்து வெதுவெதுப்பான அறைக்குள்ளே ஏற்றவேண்டுமானால் உழைப்புத் தேவை. அந்த உழைப்பை மின்சாரம் தருகிறது.

உலை எரிக்கிறது, இறைப்பி இறைக்கிறது. இந்த ஒரு வேறுபாட்டிலிருந்துதான் மற்ற வேறுபாடுகளெல்லாம் பிறக்கின்றன.

குளிர்ந்த காற்றிலிருந்து வெப்பத்தை எப்படி எடுப்பது? கொதிநிலை மிகத் தாழ்ந்த திரவங்கள் சில உண்டு. இன்றைய குளிரூட்டிகளில் பயன்படும் ஆர்-32 என்னும் பொருள் சாதாரண காற்றழுத்தத்தில் ஏறத்தாழ கழித்தல் 52 டிகிரியிலேயே கொதித்துவிடும். அதற்குக் கழித்தல் 18 என்பது அடுப்பின்மேல் வைத்ததற்குச் சமானம்! வெளியே உள்ள குழாய்ச் சுருளில் அது அழுத்தம் குறைந்த நிலையில் ஓடுகிறது. வெளிக்காற்றின் வெப்பத்தை உறிஞ்சிக்கொண்டு ஆவியாகிறது. அந்த ஆவியை ஒரு அமுக்கி நெருக்குகிறது. மிதிவண்டிச் சக்கரத்துக்குக் காற்றடிக்கும்போது பம்பின் அடிப்பாகம் சுடுவதை நீங்கள் தொட்டுப் பார்த்திருப்பீர்கள். அதுபோலவே நெருக்குண்ட ஆவியும் சூடேறுகிறது. அது வீட்டுக்குள் உள்ள சுருளுக்கு வந்து, மறுபடி திரவமாகி, தன்னிடம் உள்ள வெப்பத்தை அறைக்குக் கொடுத்துவிடுகிறது. பிறகு ஒரு குறுகிய வழியில் புகுந்து அழுத்தம் குறைந்து, குளிர்ந்து, மீண்டும் வெளியே செல்கிறது.

இந்த யந்திரம் நமக்குப் புதியதன்று. நம் சமையலறையில் இருக்கும் குளிர்பதனப் பெட்டியின் பின்புறத்தைத் தொட்டுப் பாருங்கள், சுடும். பெட்டிக்குள் இருந்த வெப்பம் அங்கே இறைக்கப்பட்டிருக்கிறது. குளிரூட்டியும் அப்படியே. அறையின் வெப்பத்தைத் தெருவில் இறைக்கிறது. அதில் திசைமாற்றும் வால்வு ஒன்றை அமைத்துவிட்டால், தெருவின் வெப்பத்தை அறைக்குள் இறைக்கும். கோடையில் குளிரூட்டி, குளிர்காலத்தில் சூடேற்றி; இரண்டு வேலைக்கும் ஒரே யந்திரம்.

கருத்தும் பழையதே. கிளாஸ்கோவில் பேராசிரியராயிருந்த வில்லியம் தாம்சன், பிற்காலத்தில் கெல்வின் பிரபு என்று பெயர் பெற்றவர், 1852ஆம் ஆண்டிலேயே, எரிபொருளை நேரே எரிப்பதைக் காட்டிலும் குறைந்த செலவில் இவ்வாறு கட்டடங்களைச் சூடாக்கலாம் என்று எடுத்துக்காட்டினார். சுவிட்சர்லாந்தில் ஜூரிச் நகர மன்றத்தில், லிம்மாட் ஆற்றுநீரிலிருந்து வெப்பத்தை இறைக்கும் யந்திரத்தை 1938இல் நிறுவினார்கள். நிலக்கரிக்குப் பிற நாடுகளை நம்பியிருந்த நாடு அது. ஆனால் ஆறுகளுக்கும் நீர்மின்சாரத்துக்கும் குறைவில்லை. இன்று இந்த யந்திரம் மக்கள் தொகையின் அளவுக்கு மிக அதிகமாகப் பரவியிருப்பது நார்வே, சுவீடன், பின்லாந்து ஆகிய நாடுகளில். "குளிரில் இது வேலை செய்யாது" என்று நான் சொன்ன வார்த்தைக்கு, உலகத்தின் வடகோடி மக்களே மறுப்பாக நிற்கிறார்கள்.

சரி, எவ்வளவு இலாபம்? மின்கம்பியைச் சூடாக்கும் சாதாரண மின் அடுப்பில் ஒரு யூனிட் மின்சாரத்துக்கு ஒரு யூனிட் வெப்பந்தான் கிடைக்கும். நல்ல எரிவாயு உலையில், நூறு பங்கு எரித்தால் தொண்ணூற்றைந்து பங்கு வீட்டுக்கு வரும். இறைப்பியிலோ, வெளியே ஏழெட்டு டிகிரி இருக்கும்போது, ஒரு யூனிட் மின்சாரத்துக்கு மூன்று யூனிட்டுக்குக் குறையாமல் வெப்பம் வரும். இது மாயமன்று. ஒரு யூனிட் மின்சாரத்திலிருந்து வந்தது. மற்ற இரண்டும் வெளிக்காற்றிலிருந்து இறைத்தவை. ஆற்றல் அழியாமை விதி அப்படியே நிற்கிறது.

ஆனால் கிணறு ஆழமாக ஆக, காளைகளின் பாடு அதிகமாகும் அல்லவா? இங்கும் அப்படியே. அறைக்கும் வெளிக்கும் உள்ள வெப்பநிலை வேறுபாடுதான் இந்தக் கிணற்றின் ஆழம். கல்லூரி மாணவர்கள் கார்னோவின் வாய்பாட்டைப் போட்டுப் பாருங்கள். அறை 21 டிகிரி, அதாவது 294 கெல்வின். வெளியே 7 டிகிரியானால் வேறுபாடு 14. 294ஐ 14ஆல் வகுத்தால் 21. வெளியே கழித்தல் 20 ஆனால் வேறுபாடு 41. வகுத்தால் ஏழுக்குச் சற்று மேல். இவை குறையே இல்லாத கற்பனை யந்திரத்தின் எண்கள். உண்மை யந்திரம் இவற்றை எட்டிப்பிடிக்காது. முதல் நிலையில் மூன்று அல்லது நான்கு, இரண்டாம் நிலையில் ஒன்றரை அல்லது இரண்டு என்ற அளவில்தான் தரும். அதுவுங்கூட, கடுங்குளிருக்கென்றே செய்யப்பட்ட வகையாக இருந்தால்தான். வெளிச் சுருளில் உறைபனி படிந்துவிட்டால், அதைக் கரைக்க யந்திரம் அவ்வப்போது சிறிது நேரம் எதிர்த்திசையில் ஓடவேண்டியிருக்கும். ஆக, வீட்டுக்கு மிகுந்த வெப்பம் தேவைப்படும் இரவிலேதான் இறைப்பியின் கை தளர்கிறது. இதுதான் அதன் குறை. ஆனால் தளர்ந்த நிலையிலும் அது மின் அடுப்புக்குத் தாழ்ந்ததாக இல்லை என்பதையும் மறந்துவிடக்கூடாது.

அடுத்தது பணக் கணக்கு. விதி மிக எளியது. ஒரு யூனிட் மின்சாரத்தின் விலை, எரிவாயுவிலிருந்து கிடைக்கும் ஒரு யூனிட் வெப்பத்தின் விலையைப்போல எத்தனை மடங்கு என்று பாருங்கள். இறைப்பி தரும் மடங்கு அதைவிட அதிகமானால் இறைப்பி இலாபம். குறைந்தால் உலை இலாபம். கணக்குக்காக ஓர் எடுத்துக்காட்டு வைத்துக்கொள்வோம். எரிவாயு யூனிட்டுக்கு 4 காசு; மின்சாரம் 12 காசு. உலையில் நூற்றுக்கு ஐந்து வீணாவதால், வீட்டுக்குள் வந்த வெப்பம் யூனிட்டுக்கு 4.2 காசு ஆகிறது. இறைப்பி மூன்று மடங்கு தரும் நாளில் 4 காசு, இலாபம். இரண்டரை மடங்கு தரும் நாளில் 4.8 காசு, சிறிது நஷ்டம். ஒன்றரை மடங்கு தரும் கொடிய இரவில் 8 காசு. உலையின் செலவைப்போல ஏறக்குறைய இரண்டு பங்கு. மின்சார விலை பாதியாகிவிட்டால் முடிவு தலைகீழாகிவிடும். ஒண்டாரியோவில் 2023ஆம் ஆண்டு முதல், இரவு 11 மணியிலிருந்து காலை 7 மணி வரையில் மிகக் குறைந்த விலைக்கு மின்சாரம் தரும் திட்டம் ஒன்றும் உண்டு. அதற்கு ஈடாக மாலை நேர விலை மிக அதிகம். ஆகவே "எது மலிவு?" என்ற கேள்விக்கு, "எந்த நேரத்தில், எந்தக் குளிரில், எந்த விலையில்?" என்ற எதிர்க் கேள்விகளைக் கேட்காமல் பதில் சொல்ல முடியாது. முன்பு எண்ணெய் எரித்தவர்களுக்கும், வெறும் மின் அடுப்பால் வீட்டைச் சூடாக்கியவர்களுக்கும் இறைப்பியால் இலாபம் உண்டு என்று பெரும்பாலும் துணிந்து சொல்லலாம். மலிவான எரிவாயு குழாயில் வரும் வீட்டுக்காரர்தாம் பென்சிலை எடுக்கவேண்டும்.

இன்றைய விலையை மட்டும் பார்த்து முடிவு செய்வதும் சரியன்று. யந்திரம் பதினைந்து ஆண்டுக்குக் குறையாமல் உழைக்கக்கூடியது. விலைகளோ அதற்குள் எத்தனையோ முறை மாறும். என் மாணவர் கணக்குப் போட்ட ஜனவரியில், எரிவாயுவின்மீது 2019 முதல் கரியமில வாயுக் கட்டணம் ஒன்று இருந்தது. மூன்று மாதம் கழித்து, 2025 ஏப்ரல் முதல் தேதியன்று, அதை நீக்கிவிட்டார்கள். அவர் போட்ட கணக்கில் ஓர் எண் உடனே பொய்யாயிற்று. ஆகையால் ஒரே விலையை நம்பி வீட்டைக் கட்டாதீர்கள் என்பேன்.

வேறொரு கணக்கும் உண்டு. அது நம் பேரப்பிள்ளைகள் தீர்க்கவேண்டிய கணக்கு. எரிவாயு உலையில் ஒரு யூனிட் வெப்பத்துக்கு ஏறத்தாழ 190 கிராம் கரியமில வாயு வெளியேறுகிறது. இறைப்பி வைத்தால் புகையே இல்லையே என்று மகிழ்ந்துவிடக்கூடாது. அந்த மின்சாரம் எங்கே பிறந்தது என்று கேட்கவேண்டும். நிலக்கரியில் பிறந்த மின்சாரமானால் யூனிட்டுக்கு ஒரு கிலோ வரையில் கரியமில வாயு உண்டு. இரண்டரையால் வகுத்தாலும் 400 கிராம். உலையைக் காட்டிலும் மோசம்! ஒண்டாரியோ மாகாணம் 2014ஆம் ஆண்டிலேயே தன் நிலக்கரி மின்நிலையங்களை அறவே மூடிவிட்டது. அங்கே அணுசக்தியும் நீர்வீழ்ச்சிகளுமே பெரும்பங்கு மின்சாரத்தைத் தருகின்றன. யூனிட்டுக்கு 100 கிராமுக்கும் குறைவு. ஆகவே அங்கே இறைப்பி உண்மையிலேயே தூய்மையானது. ஒரே யந்திரம் ஓரிடத்தில் நன்மையாகவும் வேறோரிடத்தில் தீமையாகவும் முடிகிறது. யந்திரத்துக்குள் ஓடும் ஆர்-410ஏ போன்ற வாயுவும் கசிந்துவிட்டால், கரியமில வாயுவைப்போல ஏறத்தாழ இரண்டாயிரம் மடங்கு பூமியைச் சூடாக்கவல்லது. இத்தகைய வாயுக்களைப் படிப்படியாகக் குறைப்பதென்று 2016ஆம் ஆண்டில் கிகாலி நகரில் உலக நாடுகள் உடன்பாடு செய்துகொண்டன.

இத்தனையும் எழுதி முடித்தபோது எங்கள் ஊரில் உச்சிப்பொழுதாகிவிட்டது. நான் மாணவரைக் கூப்பிட்டு, முதலில், "காலையில் நான் சொன்னது பிழை" என்று ஒப்புக்கொண்டேன். மறுமுனையில் சற்று நேரம் பேச்சில்லை. பிறகு அவர் சிரித்துவிட்டார். "ஐயா, இந்த ஒரு வார்த்தைக்காகவே இன்னொரு முறை தங்கள் வகுப்பில் உட்காரலாம்" என்றார்.

பிறகு ஐந்து கேள்விகளைக் கொடுத்தேன். ஒன்று: வீட்டின் பரணில் வெப்பம் தப்பாமல் காக்கும் மெத்தை போதிய அளவு இருக்கிறதா, கதவு சன்னல்களின் இடுக்குகளில் காற்று புகுகிறதா? ஓட்டைச் சாலைக் கட்டி இறைத்தால், காளை நல்ல காளையாயிருந்தும் பயனில்லை. ஓட்டையை அடைத்துவிட்டால் சிறிய யந்திரமே போதும். இரண்டு: உங்கள் ஊரின் மிகக் கடுமையான இரவில் வீட்டுக்கு எவ்வளவு வெப்பம் வேண்டும், அந்தக் குளிரில் நீங்கள் வாங்கப்போகும் யந்திரம் எவ்வளவு தரும்? விளம்பரத்தில் உள்ள எண் மிதமான குளிருக்கு உரியது. கடுங்குளிருக்கு உரிய எண்ணைக் கேட்டு வாங்குங்கள். மூன்று: மின்சாரம், எரிவாயு இரண்டின் விலை விகிதம் என்ன? நான்கு: பழுது வந்தால் பார்க்கக்கூடிய ஆள் அருகில் இருக்கிறாரா? ஐந்து: மின்சாரம் நின்றுபோனால் என்ன செய்வீர்கள்?

ஐந்தாவது கேள்விக்கு அவர் உடனே, "அதற்குத்தான் ஐயா எரிவாயு உலை நல்லது என்கிறார்கள்" என்றார். "தம்பி, அந்த உலையின் காற்றாடி எதனால் சுற்றுகிறது?" என்று கேட்டேன். மின்சாரத்தால்தான்! மின்சாரம் நின்றால் சாதாரண எரிவாயு உலையும் நின்றுவிடும். 2013 டிசம்பரில் டொரண்டோவில் பனிமழை பெய்து, மின்கம்பிகள் அறுந்து, இலட்சக்கணக்கான வீடுகள் இருளில் மூழ்கின; சில வீடுகளுக்கு மின்சாரம் திரும்பப் பல நாட்களாயின. அப்போது உலை வைத்திருந்தவர்களும் குளிரில்தான் நடுங்கினார்கள். ஆகவே அந்தக் கேள்வியில் உலைக்கும் இறைப்பிக்கும் ஏற்றத்தாழ்வு இல்லை.

அவர் அன்று மாலையே பதில் சொல்லவில்லை. அதுவே முதல் வெற்றி. ஆபத்து நேரத்தில் அவசரப்பட்டு வாங்கிய பொருள் பதினைந்து ஆண்டு நம்மைப் பார்த்து நகைக்கும். மின்சாரத்தால் இயங்கும் இரண்டு சிறிய சூடேற்றிகளை வாங்கிவந்து, வீட்டார் நால்வரும் ஒரே அறையில் நான்கு நாள் படுத்துக்கொண்டார்கள். அதற்குள் பரணைச் சோதித்தார். மெத்தை மிகவும் மெலிந்திருந்தது. அதைத் தடிப்பாக்க ஏற்பாடு செய்தார். பிறகு, ஓர் இறைப்பியையும் அதற்குத் துணையாகச் சிறிய எரிவாயு உலை ஒன்றையும் சேர்த்து அமைத்தார். மிதமான குளிரில் இறைப்பி ஓடும். அவர் குறித்துவைத்த வெப்பநிலைக்குக் கீழே போனால் உலை பற்றிக்கொள்ளும். விலை மாறினால் அந்தக் குறியையும் மாற்றிக்கொள்ளலாம். நல்ல கிணறும், கிணறு வற்றும் நாளுக்குக் குளமும் வைத்துக்கொண்ட சம்சாரி போன்றது இது. இரண்டு யந்திரம் வாங்கிய செலவு அதிகந்தான். அதே தெருவில் வேறொருவர் தம் வீட்டை நன்றாக மூடி, இறைப்பி ஒன்றையே வைத்துக்கொண்டு சுகமாக இருக்கிறாராம். இரண்டும் சரியான முடிவுகளே. ஏனெனில் இரண்டும் அவரவர் வீட்டைப் பார்த்துச் செய்த முடிவுகள்.

ஒரு குளிர்காலம் கழிந்தபின் அவருடைய தாயார் என்னிடம் பேசினார். "ஐயா, பழைய அடுப்பிலே ஒரேயடியாகச் சூடு அடிக்கும், கொஞ்ச நேரத்திலே நின்றுவிடும். இது என்னவோ கையை வைத்துப் பார்த்தால் சூடே தெரியவில்லை, ஆனாலும் குளிரவில்லை" என்றார். கருவிகளை வைத்து அளந்தாலும் இதைவிடச் சரியாகச் சொல்லமுடியாது. உலைக் காற்று ஐம்பது டிகிரிக்கு மேல் வந்து வந்து நிற்கும். இறைப்பிக் காற்று முப்பத்தைந்து, நாற்பது டிகிரியில் விடாமல் மெல்ல வந்துகொண்டே இருக்கும். நம் உடம்பின் சூடே முப்பத்தேழு. ஆகையால்தான் கைக்குச் சுடுவதாகத் தோன்றவில்லை.

மாணவர்களே, இதனால் நமக்கு என்ன என்று கேட்கலாம். சங்கரன்கோவிலில் இன்று வீட்டுக்கு வீடு குளிரூட்டி வாங்குகிறார்கள். கிணறு அதே கிணறு. சால் மட்டும் திரும்பியிருக்கிறது. வெளியே 38 டிகிரி இருக்கும்போது அறையை 18க்கு இறக்கினால் கிணற்றின் ஆழம் இருபது. 26க்கு வைத்துக்கொண்டால் பன்னிரண்டு. மின்கட்டணம் ஏன் ஏறுகிறது என்பதற்கு வேறு விளக்கம் வேண்டுமா? நம் நாட்டில் 2020 முதல் விற்கப்படும் குளிரூட்டிகள், இயக்கியவுடன் 24 டிகிரியில் நிற்கும்படி அமைந்திருப்பதற்கும் இதுவே காரணம். யந்திரத்தை வாங்குவதற்கு முன்பு, மொட்டை மாடியில் தட்டோடு பதிக்கலாமா, வெள்ளைச் சுண்ணாம்பு அடிக்கலாமா, மேற்குச் சன்னலுக்கு நிழல் உண்டா என்று பாருங்கள். ஓட்டைச் சாலை முதலில் தையுங்கள். எங்கள் ஊர்ப் பக்கம் ஆனியிலும் ஆடியிலும் செங்கோட்டைக் கணவாய் வழியே வரும் காற்றில் காற்றாலைகள் சுழலுகின்றன. கூடங்குளத்தில் அணு உலைகள் இருக்கின்றன. ஆயினும் நாடு முழுவதையும் சேர்த்துப் பார்த்தால், ஒரு யூனிட் மின்சாரத்துக்கு இன்றும் சுமார் 700 கிராம் கரியமில வாயு வெளியேறுகிறது. நாம் வீணாக்கும் ஒவ்வொரு யூனிட்டும் எங்கோ ஓர் அனல்மின் நிலையத்தில் கரியாக எரிந்து வந்ததாக இருக்கலாம்.

நாற்பது ஆண்டு நான் கார்னோவின் வாய்பாட்டைக் கற்பித்தேன். தேர்வில் ஐந்து மதிப்பெண்ணுக்கு உரிய பகுதியாகத்தான் அதை நினைத்திருந்தேன். ஒரு குழந்தையும் ஒரு மூதாட்டியும் குளிரில் உறங்கவேண்டிய இரவில் அது எவ்வளவு பயன்படும் என்பதை, ஓய்வு பெற்றபின் என் மாணவர் எனக்குக் கற்பித்தார். உங்களுடைய பாடப் புத்தகத்திலும் அப்படிப்பட்ட வரிகள் பல இருக்கின்றன. எந்த வரி எந்த நாளில் யாருக்கு வேண்டியிருக்கும் என்பது தெரியாது. ஆகையால் ஒவ்வொன்றையும் புரிந்துகொண்டு படியுங்கள். புரியாமல் சொன்ன பதில் தவறாகிவிட்டால், தயங்காமல் திரும்பக் கூப்பிட்டுத் திருத்திச் சொல்லுங்கள்.